தாராசிங், கிங்காங் ரசிகர்களுக்கு ஒரு சுரங்கம்: நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் எப்படி?

பழைய மல்யுத்தக்காரர்கள்மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது கிறுக்கு இருந்தால், அல்லது தாராசிங், கிங்காங் என்ற பெயர்களைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்துவது. 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸிலிருந்து ஆரம்பித்து, இங்கேயும் மலாயாவிலும் வெளிவந்த எத்தனையோ பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, எழுத்தைத் தேடும் வசதியோடு போட்டு வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. வரலாறு படிக்கிறவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், குஸ்தி ரசிகர் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

எதற்குச் சிங்கப்பூர் பத்திரிகைகள் என்று கேட்கலாம். 1930களிலிருந்து 60கள் வரை இந்த ஊரில் மூன்று 'வொர்ல்டு'கள் இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வொர்ல்டு, கிம் செங் ரோட்டில் கிரேட் வொர்ல்டு, கேலாங் பக்கம் ஹேப்பி வொர்ல்டு. சினிமா, நடனம், சீன நாடகம், மலாய் நாடகம், சாப்பாட்டுக் கடைகள் என்று ராத்திரி முழுக்க வெளிச்சமாக இருந்த கேளிக்கைப் பூங்காக்கள். 1937-ல் திறந்த ஹேப்பி வொர்ல்டுக்குள் ஒரு பெரிய உள்ளரங்கமும் இருந்தது. பூப்பந்தில் மலாயா 1952-ல் தாமஸ் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது அந்த அரங்கத்தில்தான். குத்துச்சண்டையும் குஸ்தியும் நடந்தது அதே கூரையின் கீழே. ஐரோப்பாவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகக் கிழக்கே போகிற கப்பல்கள் பல இங்கே நின்று போகும் என்பதால் ஹங்கேரிக்காரர், துருக்கிக்காரர், ஆங்கிலேயர், பஞ்சாபிகள் என்று எல்லா ஊர் மல்லர்களும் இந்த மேடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

நம் ரசிகர்களின் நினைவில் இத்தனை பேரும் இல்லை, இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அந்த இருவருக்கும் ஒரே ஒரு ஆட்டம்தான். தாராசிங் கிங்காங்கைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி வெளியே வீசினார், அவ்வளவுதான் கதை. இதை எங்கள் பெரியப்பா ஹேப்பி வொர்ல்டில் நேரில் பார்த்ததாகச் சொல்வார். பம்பாயில் கேட்டால் பம்பாயில் நடந்தது என்பார்கள், ராஞ்சியில் கேட்டால் ராஞ்சியில்தான் என்று அடித்துச் சொல்வார்கள், சென்னையில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நான் இதில் யாரையும் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தளத்தைக் கொஞ்ச நாள் புரட்டினால் காரணம் தானாகப் புரிகிறது. இவர்கள் இருவரும் மோதியது ஒரு முறை அல்ல, ஊர் ஊராக, வருடம் வருடமாக. ஒரு ஊரில் எடுபட்ட ஆட்டம் அடுத்த ஊருக்கும் போகும், தூக்குவதும் கூடவே போகும். ஆக எல்லோரும் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம்.

சரி, தளத்துக்கு வருவோம். தேடும் பெட்டியில் கிங்காங் என்று ஆங்கிலத்தில் போட்டால் முதலில் உங்கள்மேல் வந்து விழுவது 1933-ல் வெளியான அந்தப் பெரிய குரங்குப் படத்தின் விளம்பரங்கள். பயப்பட வேண்டாம். கூடவே 'ரெஸ்லிங்' என்ற சொல்லைச் சேருங்கள், ஹேப்பி வொர்ல்டு என்பதையும் சேருங்கள், அப்புறம் பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டிகளில் வருடத்தையும் பத்திரிகையையும் குறுக்குங்கள். கட்டுரை, விளம்பரம், படம் என்று தனித்தனியாகப் பிரிக்கவும் முடியும். எல்லோரும் 'கட்டுரை' என்பதைத்தான் அமுக்குவார்கள். நான் சொல்வது, முதலில் 'விளம்பரம்' என்பதை அமுக்குங்கள். செய்தியாளர் போகாத இரவுகள் உண்டு, ஆனால் ஆள் சேர்க்க வேண்டிய ஆட்டத்துக்கு விளம்பரம் போடாமல் யாரும் இருக்க மாட்டார்கள். முதன்மை ஆட்டத்துக்கு முன்னால் நடந்த சின்ன ஆட்டங்களில் யார் யார் இறங்கினார்கள் என்பது விளம்பரத்தில்தான் முழுசாகக் கிடைக்கும்.

பெயர் எழுதும் விதம் அன்றைக்கு ஒரு சீராக இருந்ததில்லை, அதையும் மனதில் வையுங்கள். கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரிய எழுத்துக்கூட்டலை இங்கே அச்சுக் கோத்தவர்கள் தங்கள் காதுக்குப் பட்ட மாதிரி கோத்திருப்பார்கள். அதோடு மை பரவிய பக்கத்தில் கணினி ஓர் எழுத்தை வேறு எழுத்தாகப் படித்துவிடுவது எழுபது எண்பது வருடத்துத் தாள்களில் சகஜம். அதனால் ஒரே சொல்லை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எதிராளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அரங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிங்காங்கைக் காணாத பக்கத்தில் டார்லோக் சிங் என்ற மல்லரைத் தேடினால் பக்கத்திலேயே கிங்காங் நின்றுகொண்டிருப்பார்.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தேடிய துண்டை மட்டும் வெட்டிக் கையில் கொடுக்காமல் முழுப் பக்கத்தையும் விரித்துக் காட்டுவது. பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு கட்டம், இரண்டு பெயர்கள் தடித்த எழுத்தில், நடுவில் சின்னதாக 'எதிர்' என்பதற்கான அந்த இரண்டு எழுத்து, பெயருக்குக் கீழே பவுண்டில் எடை, அதற்கும் கீழே ரிங்சைடு டிக்கெட் என்ன விலை, மற்ற இடம் என்ன விலை என்ற விவரம். மேலே கால்பந்து முடிவுகள், பக்கத்தில் குதிரைப் பந்தயம், இன்னொரு பக்கம் சிகரெட் விளம்பரம். அன்றைக்குக் காலையில் ஒரு துறைமுகத் தொழிலாளி இதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சில்லறையை எண்ணியிருப்பான் இல்லையா, அந்த இடத்தில் நாமும் போய் நிற்க முடிகிறது. எடையை மட்டும் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். கிங்காங்கின் எடை எனக்குப் பட்டவரை விளம்பரத்துக்கு விளம்பரம் ஏறி இறங்கும். கிட்டத்தட்ட 400 பவுண்டு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது, அதாவது 180 கிலோ. அதுவே போதும், அதற்கு மேல் ஏற்றியதெல்லாம் டிக்கெட் விற்பதற்கு.

தாராசிங்கின் சிங்கப்பூர் நாட்கள் தமிழ்நாட்டு ரசிகர்கள் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அமிர்தசரஸ் பக்கத்துத் தர்மூசக் கிராமத்தில் 1928-ல் பிறந்தவர், 1940களின் கடைசியில் பிழைப்புக்காக இங்கே வந்தார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை. வேலை முடிந்ததும் கிரேட் வொர்ல்டு அரங்கத்தில் ஹர்னாம் சிங் என்ற குருவிடம் பயிற்சி. கோலாலம்பூரில் டார்லோக் சிங்கை வென்று மலாயா சாம்பியன் ஆனதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பெயர். பிறகு இந்தியா போய், 1954-ல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியாவின் சாம்பியன், ஆனார். 1959-ல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியெங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968 மே மாதம் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸோடு மோதல், நடுவில் ஏராளமான இந்திப் படங்கள், தொலைக்காட்சியில் அனுமான், கடைசியில் மாநிலங்களவை உறுப்பினர். 2012 ஜூலையில் காலமானார். இந்த வாழ்க்கை வரலாற்றை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் பட்டமும் சினிமாவும் வருவதற்கு முந்தைய தாராசிங்கை, ஆட்ட வரிசையில் நடுவில் எங்கோ பெயர் போட்டிருக்கும் இருபது வயதுப் பையனை, அன்றைய அச்சில் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். அந்தப் பெயர் மெல்ல மெல்லக் கட்டத்தின் மேல் வரிக்கு ஏறி, எழுத்தும் தடித்துக்கொண்டே வருவதைத் தேதி வரிசையில் பார்த்துக்கொண்டே போனபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

கிங்காங்கைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை முடிக்க முடியாது. நம் ஊர்க் கதைகளில் அவர் வெறும் குண்டர், தாராசிங் தூக்கிப் போடுவதற்காகவே பிறந்தவர். இவ்வளவு அநியாயம் வேறு இல்லை. தாராசிங் கோதாவுக்கு வருவதற்கு வெகு முன்பே, 1930களிலேயே, ஆசியா முழுக்க அரங்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர் அவர். இந்தியா, இலங்கை, மலாயா, ஜப்பான் என்று போகாத இடம் கிடையாது. 1955 நவம்பரில் ஜப்பானில் நடந்த ஆசியப் பட்டப் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோக்கியோவில் குராமே கொகுகிகான் அரங்கத்தில் ஜப்பானின் நட்சத்திர மல்லர் ரிக்கிடோசானுக்கு எதிராக நின்றது கிங்காங். ரிக்கிடோசான் ஜெயித்தார். ஆனால் அதே பயணத்தில் டைகர் ஜோகிந்தரோடு சேர்ந்து ஆசிய ஜோடிப் பட்டத்தை கிங்காங் தூக்கிக்கொண்டு வந்தார். ஜப்பானுக்கு ரிக்கிடோசான் யார் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் எடை புரியும். 1954-ல் ஷார்ப் சகோதரர்கள் என்ற வெளிநாட்டு மல்லர்கள் ஆட வந்தபோது தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று பார்த்தது இந்த ஆளைத்தான். அப்பேர்ப்பட்டவருக்கு எதிராக ஆசியாவிலிருந்து ஒருவரை நிறுத்த வேண்டும் என்றபோது கூப்பிட்டது கிங்காங்கை. ஒரு புதிய ஆளைப் பெரிய ஆளாக்க வேண்டுமானால், கூட்டம் நம்பும்படி தோற்றுக் கொடுக்கத் தெரிந்த ஒரு மலை வேண்டும். நம் ஊர்களில் அந்த மலை இவர். தாராசிங்குக்கு மட்டும் அல்ல, எத்தனையோ பேருக்கு.

சிங்கப்பூரையே வீடாக்கிக்கொண்டவர் அவர். மலேசியாவில் நடந்த கார் விபத்தில் அடிபட்டு, 1970 மே மாதம் இங்கேதான் இறந்தார். கிட்டத்தட்ட அறுபது வயது, அப்போதும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்த மாதத்துப் பத்திரிகைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவரைப் பற்றி எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது அங்கேதான்.

மற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தின் பெர்ட் அசிராட்டி என்று ஒருவர். உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம்தான் மேலே, எடை 120 கிலோ, அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்களில் கையை விரித்துச் சிலுவை மாதிரி நிற்பாராம். சக மல்லர்களே பயந்த ஆள், ஆட்டத்தில் நிஜமாகவே வலிக்கும்படி பிடிப்பார் என்று பெயர். 1950களில் இந்தியாவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் வந்து போனார். துருக்கியின் அலி ரிசா பே, நம் பக்கத்து வோங் பக் லீ, ஹர்பன்ஸ் சிங் என்று தேடிக்கொண்டே போகலாம். மேலே சொன்ன கோர்டியெங்கோ சுவாரஸ்யமான மனிதர், பிற்காலத்தில் ஓவியராக வாழ்ந்தவர். இவர்களை எல்லாம் யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஒரு இரவில் பத்துப் பேர் மேடை ஏறியிருக்கிறார்கள், நினைவில் தங்கியது இரண்டு பேர். மிச்ச எட்டுப் பேரின் பெயர் அச்சில் பத்திரமாக இருக்கிறது என்பதே எனக்கு ஒரு பெரிய நிம்மதி.

இதைப் படிக்கும் சிலர் 'அதெல்லாம் பேசி வைத்த ஆட்டம்தானே' என்று கேட்கப் போகிறீர்கள். ஆமாம், தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது உண்டு என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே பலருக்குத் தெரிந்திருந்தது. அதனால் என்ன? 180 கிலோ ஆளைத் தூக்குவதற்கு முதுகு நிஜமாக வேண்டும். விழுகிறவனுக்கு விழத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கழுத்து போய்விடும். வாரத்துக்கு வாரம் வேறு ஊரில், ஏசி கிடையாத அரங்கத்தில், இந்தப் புழுக்கத்தில் இதைச் செய்வது என்றால் சும்மா இல்லை. தேதி வரிசையில் விளம்பரங்களைப் பார்த்தால் கதை பின்னும் விதமும் தெரிகிறது. முதல் வாரம் இருவரும் சமன், அடுத்த வாரம் ஒருவர் விதி மீறி ஆடித் தகுதி நீக்கம், மூன்றாவது வாரம் 'தீர்த்துக்கொள்ளும் ஆட்டம்', அதற்கு டிக்கெட் பறக்கும். இப்போது தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் எல்லாத் தந்திரமும் அப்போதே இருந்திருக்கிறது. அந்தக் கைத்தொழிலை ரசிப்பவர்களுக்கு இந்தத் தளம் விருந்து.

தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். இதே தளத்தில் 1935-ல் தொடங்கிய நம் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. அதைத் தேடிப் படிப்பதைவிட, ஆங்கிலப் பத்திரிகையில் ஆட்டத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதே தேதிக்கும் முந்தின, அடுத்த நாட்களுக்கும் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் எனக்குப் பலன் தந்தது. நேரம் எடுக்கும், ஆனால் வழியில் கண்ணில் படுவதெல்லாம் லாபம். சிராங்கூன் ரோட்டுக் கடை விளம்பரம், கப்பல் வரும் தேதி, சீர்திருத்தச் சங்கக் கூட்டம், ஊரிலிருந்து வந்த படம் எந்தக் கொட்டகையில் ஓடுகிறது என்ற செய்தி. போருக்குப் பிறகு கொஞ்ச வருடம் இங்கே வெளிவந்த இந்தியன் டெய்லி மெயிலையும் பாருங்கள். இந்தியர்களுக்காக நடத்தப்பட்ட ஆங்கிலப் பத்திரிகை என்பதால் பஞ்சாபி மல்லர்கள் பற்றிய செய்திக்கு அங்கே போய்ப் பார்ப்பது வீண்போகாது. 1942 முதல் 45 வரை ஜப்பானியர் காலம், அந்த வருடங்களில் குஸ்தி தேடிப் பெரிதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்தத் தளம் எனக்குக் காசு மிச்சப்படுத்தவும் செய்தது. என் மச்சான் ஒருவன் இணையத்தில் ஏதோ ஒரு கடையில் 'அசல் பழைய சுவரொட்டியின் நகல்' என்று ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். தாராசிங் எதிர் கிங்காங், சிங்கப்பூர் கே வொர்ல்டு, 1946 என்று போட்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மஞ்சள் படிந்த தாள், ஓரம் கிழிந்த மாதிரி அச்சு. எனக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றான். கொஞ்சம் பொறு மச்சான் என்று சொல்லிவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 1946-ல் அந்தப் பூங்காவின் பெயர் ஹேப்பி வொர்ல்டு. கே வொர்ல்டு என்று மாறியது 1960களில்தான், விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. தாராசிங்கோ 1946-ல் ஊரில் வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், சிங்கப்பூருக்கே வரவில்லை. படத்தில் இருந்த தாராசிங் முகம் சினிமாவுக்குப் போன பிறகு எடுத்தது. கடைக்கு எழுதினான், பதில் வந்தது, பணம் வரவில்லை. பழைய குஸ்தி சாமான் வாங்கும் யாராக இருந்தாலும், வாங்குவதற்கு முன்னால் சுவரொட்டியில் இருக்கும் இடம், தேதி, பெயர் மூன்றையும் இந்தத் தளத்தில் ஒரு தடவை சரி பாருங்கள். பத்து நிமிட வேலை.

பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது இந்தத் தளத்தைப் பயன்படுத்துவதற்கு மிகச் சிறந்த வழி என்பேன். கைபேசியில் வேண்டாம், பழைய பத்திரிகைப் பக்கத்துக்கு அந்தத் திரை போதாது. டேப்லெட்டோ கணினியோ வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், கூட்டாளிகளோடு லாரி ஏறிக் கேலாங் போய் ஆட்டம் பார்த்தவர். அவர் முன்னால் 1950களின் ஒரு விளம்பரத்தை விரித்து வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். தாராசிங் பெயரையோ கிங்காங் பெயரையோ அவர் விரல் தொடவில்லை, கீழே சின்ன எழுத்தில் இருந்த டிக்கெட் விலையில் போய் நின்றது.

"இந்த விலைக்கெல்லாம் நாங்க எங்கேடா உட்கார்றது? மேலே, கடைசியில நின்னுக்கிட்டேதான் பார்த்தோம்" என்றார்.

"அப்போ அவர் தூக்கினது உங்களுக்குத் தெரிஞ்சுதா பெரியப்பா?"

"தூக்கினது தெரிஞ்சுது. கீழே போட்டது தெரியல, முன்னாடி இருந்தவன் எல்லாம் எழுந்துட்டான். சத்தம்தான் கேட்டுச்சு."

இத்தனை வருடம் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், இந்த விவரம் ஒரு தடவைகூட வந்ததில்லை. விலையைப் பார்த்ததும் நின்ற இடம் ஞாபகம் வந்தது, இடம் வந்ததும் முன்னால் இருந்தவர்கள் வந்தார்கள், அப்புறம் கூட வந்த நண்பர்களின் பெயர், திரும்பி வரும்போது வாங்கித் தின்ற கச்சான் கடலை வரைக்கும் வந்துவிட்டது. 'சரியா, தப்பா' என்று சோதிக்கிற மாதிரி அவர்களிடம் கேட்காதீர்கள். பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள், கைபேசியில் ஒலிப்பதிவை மட்டும் போட்டு வையுங்கள். பத்திரிகைக்காரர் ரிங்சைடில் உட்கார்ந்து எழுதியது அச்சில் இருக்கிறது. கடைசி வரிசையில் நின்றவர் பார்த்தது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொன்றும் உண்டு, சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள். 1979-லிருந்து பலதரப்பட்ட மக்களைப் பேச வைத்துப் பதிவு செய்து வருகிறார்கள், பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். அந்தக் காலத்துக் கேளிக்கைப் பூங்காக்களில் பொழுது எப்படிப் போனது என்று அறிய நல்ல இடம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இதற்குக் குறைவாகப் போட மனம் வரவில்லை. அசையும் படம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது பத்திரிகை மட்டும்தான். பிற்கால இதழ்கள் பலவற்றை நூலகத்துக்குள் இருக்கும் கணினியில்தான் திறக்க முடியும், ஆனால் நமக்கு வேண்டிய 1950, 60களுக்கு அந்தச் சிக்கல் அநேகமாக வராது. கிடைத்த பக்கத்தின் இணைப்பை உடனே எங்காவது குறித்து வையுங்கள், நாளைக்குத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் அதே பக்கத்துக்குத் திரும்பிப் போவது பெரும்பாடு.

ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங்கு கெஜட் போன்ற பினாங்குப் பத்திரிகைகளும் இதில் இருப்பதால் இப்போது நான் வடக்கே நடந்த ஆட்டங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஈப்போவிலோ பினாங்கிலோ கிங்காங்கை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எந்த வருடம், எந்த இடம் என்று கேட்டு எழுதுங்கள். மாதம் தெரியாவிட்டால் பரவாயில்லை, தீபாவளிக்கு முன்னா பின்னா என்று சொன்னாலே போதும், பக்கத்தை நான் தேடி எடுத்து அனுப்புகிறேன்.